கடைசியில அவென் சிரிப்பான்

முன் சீட்டுல அந்தப் பிள்ள போன்ல ஒரு பாட்டு ஓடுச்சே, கேட்டியளா அண்ணாச்சி? "சோறு ஆறுது, சோறு ஆறுது, சீக்கிரம் வாங்க..." முடியும்போது ஒருத்தன் கெக்கெக்கேன்னு சிரிப்பானே, அது. நீங்ககூட லேசா சிரிச்சிய. நான் பாத்தேன். வெக்கப்படாதிய, யாரு கேட்டாலும் சிரிக்கத்தான் செய்வாவ. அதுல டிரம்ஸ் அடிச்சது நான்தான்.

நம்ப மாட்டியளா? சரி, நம்ப வேண்டாம். மதுரையில ஒரு டி.வி. ஷோரூம்ல நிக்கவன் பாட்டுல அடிச்சேன்னு சொன்னா யாரு நம்புவா. இந்தா, உள்ளங்கையைப் பாருங்க. குச்சி புடிச்ச காய்ப்பு இன்னும் போவல. பேரு சேர்மராஜ். சேர்மான்னு கூப்பிடுவானுவ. ஊரு தூத்துக்குடிதான். நீங்களும் அங்கதான போறிய? நல்லது. பேச்சுத்துணைக்கு ஆளு கெடைச்சுது. இன்னைக்கு எனக்கு ஆளு வேணும் அண்ணாச்சி. ஒரு காரியம் கேக்கணும் ஒங்ககிட்ட. கடைசில கேக்கேன்.

என் பைய மேல வைக்க வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். உள்ள லேப்டாப் இருக்கு. பழைய சாமான் வாங்குத ஆக்கர் கடைக்காரன்கூட வாங்க யோசிப்பான். ஆனா அதுக்குள்ள இருக்க ஒண்ணு வேற எங்கயும் இல்ல.

எங்க பேண்டு பேரு "கோட்டிப் பயலுவ". தெருவுல எங்களை அப்படித்தான் ஏசுவாவ, அதையே வச்சுக்கிட்டோம். மூணே பேரு. பேஸ் கிடார் ஹெர்மஸ். டிரம்ஸ் நான். கிடாரும் பாட்டும் கிராசியன். பாப் பங்க்னு ஒரு வகை அண்ணாச்சி, கேட்டிருக்க மாட்டிய. பாட்டு துள்ளும், ஆனா வார்த்தையப் பாத்தா காதலி போயிட்டா, அரியர் விழுந்துட்டு, வீட்டுல சோறு போட மாட்டேங்காவ, இப்படித்தான் இருக்கும். அழ வேண்டியத ஓடிக்கிட்டே பாடணும், அம்புட்டுதான். எங்க ஊர்ல எழவு வீட்டுக்கு பேண்டு செட்டு அடிப்பாவள்லா? முன்னால பெட்டி போவும், பின்னால நடக்கவன் காலு தன்னால தாளம் போடும். அதே கததான்.

கிராசியன் மாதிரி ஒருத்தன நான் பாத்ததில்ல. கோயில் பாடகர் குழுவுல வளந்த பய. குரலு அப்படி. எனக்கு அவென்னா உயிரு. இப்பவும் உயிருதான், அவென் என் போன எடுக்காட்டாலும்.

அவங்க அப்பா தோணியில தண்டல். தண்டல்னா தோணிக்குக் கேப்டன் மாதிரி. மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்திக்கிட்டுப் போன தோணி காத்துல மாட்டி ஒடஞ்சுபோச்சு. மத்த ஆளுவள இன்னொரு கப்பல்காரன் தூக்கிட்டான். இவரு மட்டும் கெடைக்கல. பொணமும் கெடைக்கல.

நேவிஸ் அத்தை, அதான் கிராசியனோட அம்மா, வீட்டுல ஒரு சட்டம் போட்டாவ. யாரும் அழக்கூடாது. கண்ணால பாக்காம எப்படி அழுவுறது, அழுதா போனவரு போனவராவே ஆயிருவாருன்னுட்டாவ. தாலி கழட்டல. பூசை வைக்கல. மத்தியானம் தவறாம அவருக்கு ஒரு தட்டுல சோறப் போட்டு மூடி வைப்பாவ. நான் அந்த வீட்டுல எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கேன், பக்கத்துல அந்தத் தட்டு இருக்கும். நாம மீன் கொழம்பப் பெசைஞ்சு தின்னுக்கிட்டிருப்போம், அது சும்மா இருக்கும். கொஞ்ச நாள்ல பழகிரும்னு நெனைச்சேன். பழகல அண்ணாச்சி.

கிராசியன் அந்தச் சட்டத்த மீறினதே இல்ல. பைக்ல விழுந்து கையி ஒடஞ்சப்பகூட விசிலடிச்சுக்கிட்டு வந்தான். அவென் அழுது நான் பாத்ததில்ல. இத ஞாபகம் வச்சுக்கிடுங்க, பின்னால வரும்.

ஆல்பம் எடுத்தோம். "சத்தத்தக் கொறைல"ன்னு பேரு. ஹெர்மஸோட மாமாவுக்கு ஒரு ஐஸ் பிளாண்ட் இருந்துச்சு, அதுக்கு மாடியில ஒரு ரூமு. முட்டை அட்டைய செவுரு பூரா ஒட்டி அதத்தான் ஸ்டுடியோன்னோம். கீழ கம்ப்ரஸர் ஓடிக்கிட்டே இருக்கும். ம்ம்ம்ம்னு ஒரு சத்தம். எந்தப் பாட்டைக் கேட்டாலும் அடியில அந்தச் சத்தம் இருக்கும். அதனாலதான் நாங்க எல்லாத்தையும் வேகமா, சத்தமா அடிச்சோம். மெதுவாப் பாடினா கம்ப்ரஸர்லா பாடும்!

ஒரு நாளு மத்தியானம் கரன்ட் போச்சு. மாசாந்திரப் பராமரிப்புன்னு நிறுத்துவானுவளே, அது. கம்ப்ரஸர் நின்னுட்டு. எனக்கு அந்த ரூம்ல அப்படி ஒரு அமைதியக் கேட்டே பழக்கமில்ல. கிராசியன் எந்திரிச்சு உக்காந்தான். "ஏல சேர்மா, லேப்டாப்ல சார்ஜ் இருக்கால? ஒரு பாட்டு இருக்கு. இப்பப் பாடிருதேன்"ன்னான். நான் மைக்க வச்சு, ரெக்கார்டத் தட்டிவிட்டுட்டு, டீ குடிக்க எறங்கிட்டேன். ஹெர்மஸும் எங்கூட வந்துட்டான். வேக்காடு தாங்கல.

திரும்பி வந்தா அவென் கிடார மடியில கவுத்திப் போட்டு உக்காந்திருக்கான். மூஞ்சியெல்லாம் நனைஞ்சு கெடக்கு. கரன்ட் இல்லல்லா, வேர்வை. கீழதான் ஐஸு, மாடி கொதிக்கும். "முடிஞ்சுட்டால?"ன்னேன். "முடிஞ்சுட்டு"ன்னான். அதான் "சோறு ஆறுது".

இப்ப நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, நான் செஞ்சதுல என்ன தப்பு? ஆல்பத்துல மத்த பாட்டெல்லாம் ஓடுது. இது நடக்கக்கூட இல்ல, உக்காந்திருக்கு. நெட்டுல போடப் போறோம், வெடலைப் பயலுவ கேப்பானுவ, ஒப்பாரியவா கேப்பான்? மொதல் வரியக் கேட்டேன், போதும்னு நிறுத்திட்டேன். மவுஸப் புடிச்சு இழுத்தேன். பாட்டு சுருங்கிச்சு, வேகம் ஏறிச்சு, குரலு கிண்ணுன்னு பொடிப் பய குரலு மாதிரி ஆயிட்டு. மேல டிரம்ஸப் போட்டேன். ஹெர்மஸ் பேஸ் போட்டான். பெறவு மொதல்லருந்து கடைசிவரைக்கும் ஓடவிட்டோம்.

கடைசியில, பாட்டு முடிஞ்ச பெறவு, ஒரு சிரிப்பு. நாங்க எதிர்பாக்கவே இல்ல. கெக்கெக்கேன்னு மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஒரு சிரிப்பு. நானும் ஹெர்மஸும் தரையில பொரண்டு சிரிச்சோம். "பாத்தியால, தனியா ஒக்காந்து சிரிச்சிருக்கான் கோட்டிப் பய"ன்னு ஹெர்மஸ் சொல்லுதான்.

கிராசியன் வந்தான். ஹெட்போன மாட்டி முழுசாக் கேட்டான். ஒழுங்காக் கேட்டான், அவசரப்படல. கழட்டி வச்சுட்டு, "ஏல சேர்மா, இது நல்லாவால இருக்கு?"ன்னான். "பட்டையக் கெளப்பும்ல"ன்னேன். என் மூஞ்சியவே பாத்தான். பெறவு, "சரி, இருந்துட்டுப் போவட்டும்"ன்னான். இது சம்மதம்தான? பிடிக்கலைன்னா வாயத் தொறந்து சொல்லணும் அண்ணாச்சி. மனசுக்குள்ள வச்சுக்கிட்டா நான் என்ன ஜோசியனா?

ஆல்பம் வந்துச்சு. ஒரு நெட்டு பத்திரிகையில எழுதினானுவ, "கவலை என்றால் என்னவென்றே தெரியாத விடலைகளின் கும்மாளம்"னு. எனக்குப் பெருமை தாங்கல. பிரிண்ட் எடுத்து ஐஸ் பிளாண்ட் செவுத்துல ஒட்டினேன். கிராசியன் படிச்சான். "கவலைன்னா என்னன்னே தெரியாதவனா நானு"ன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்.

மத்த பாட்டெல்லாம் ஒருத்தனும் சீண்டல. "சோறு ஆறுது" மட்டும் தீயாப் பத்திக்கிட்டு. ஹாஸ்டல் பயலுவ மெஸ் பாட்டு ஆக்கிட்டானுவ. தட்டத் தட்டிக்கிட்டு "சோறு ஆறுது, சீக்கிரம் வாங்க"ன்னு கத்துவானுவ, கடைசில எல்லாவனும் சேந்து அந்தச் சிரிப்பச் சிரிப்பானுவ. பிரியாணிக் கடைக்காரன் வாசல்ல போட்டுவிட்டான். சின்னப் புள்ளையளுக்கு ஊட்டி விடுறதுக்கு அதத்தான் போடுதாவளாம். போற எடமெல்லாம் அதான்.

நேவிஸ் அத்தை காதுலயும் விழுந்துச்சு. மார்க்கெட்ல மீனு வாங்கிட்டு வரும்போது எங்கயோ ஓடியிருக்கு. வீட்டுக்கு வந்து, கூடைய எறக்காமக்கொள்ளாம கேட்டாவளாம், "மக்கா, கடைசியில நீ அழுதியால?" அவென் சொல்லியிருக்கான், "இல்லம்மா, சிரிச்சேன்." நல்லாக் கேட்டுக்கிடுங்க. அவென் வாயாலயே சொல்லியிருக்கான். நான் சொல்லல.

பெறவு ஒரு காலேஜ் விழா. சாயங்காலம், திறந்தவெளி மேடை, அப்படி ஒரு கூட்டம். பயலுவ மெஸ்ஸிலருந்து தட்டத் தூக்கிட்டு வந்துட்டானுவ. மொதப் பாட்டுலருந்தே "சோறு! சோறு!"ன்னு கத்துதானுவ. கிராசியன் மைக்ல, "இத நான் மெதுவாப் பாடலாம்னு இருக்கேன்"ன்னான். கூட்டம் ஊளையிட்டுச்சு. நான் பாத்தேன், சூடு ஆறிரக் கூடாதுன்னு குச்சியத் தட்டி வேகத்துலயே ஆரம்பிச்சு விட்டுட்டேன். டிரம்மர்தான அண்ணாச்சி வண்டி ஓட்டணும்? திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தான். பாடினான். நல்லாத்தான் பாடினான்.

முடிஞ்சுது. கூட்டம் மொத்தமும் சேந்து அந்தச் சிரிப்பச் சிரிச்சுது. சிரிச்சு முடிச்சுட்டு அவென் சிரிக்கணும்னு காத்துக்கிட்டு நிக்கி. அவென் மைக்குக் கிட்ட வாய வச்சு சிரிச்சான். கூட்டம் துள்ளுச்சு. அவென் நிறுத்தல. கூட்டம் அடங்கிச்சு, அப்பவும் நிறுத்தல. முன்னால நின்ன பொண்ணு ஒண்ணு தட்டக் கீழ எறக்கிட்டா. டிரம்ஸ் சிம்பல்ல நாலு அடி அடிச்சு மூடிவிட்டேன். எல்லாரும் கை தட்டினாவ.

அதோட போனவன்தான். மறுநாளு ஐஸ் பிளாண்டுக்கு வரல. போனு எடுக்கல. கொஞ்ச நாள்ல கப்பலுக்குப் போயிட்டான்னு ஹெர்மஸ் வந்து சொன்னான். அப்பன முழுங்குன கடலுக்கே போயிருக்கான், என்ன நெஞ்சழுத்தம் பாருங்க! மெட்ராஸ்லருந்து ரெண்டு பேரு அடுத்த ஆல்பத்துக்குக் கேட்டு வந்தானுவ. யாரு பாட? வெண்ணெய் தெரளும்போது தாழி ஒடஞ்ச கத. அவென் ஒடைக்கலன்னு சொல்லட்டும் பாப்போம். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரல அண்ணாச்சி. எங்கூட ஒரு வார்த்த பேசாமப் போனானே, அதான் தாங்க முடியல.

நான் மதுரைக்கு வந்துட்டேன். ஷோரூம்ல எல்லா டி.வி.யும் ஒரே நேரத்துல ஓடும். எனக்கு அது பிடிக்கும். வீட்டுலயும் ஃபேன் ஓடணும், டி.வி. ஓடணும், தண்ணி மோட்டார் ஓடினா இன்னும் நல்லது. கரன்ட் போனா வீட்டுக்குள்ள இருக்க மாட்டேன், தெருவுக்கு வந்துருவேன். வேக்காடுதான், வேற ஒண்ணுமில்ல. எம் பொஞ்சாதி ஒரு நாளு சொல்லுதா, "தூக்கத்துல நீங்க அழுதிய." "அழல, சிரிச்சிருப்பேன்"ன்னேன். "எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா?"ன்னு கேக்கா. அவளுக்கு என்ன தெரியும்?

சிரிப்பு எங்கயும் விடாது அண்ணாச்சி. பக்கத்து வீட்டுப் பொடிசு சோறு திங்கும்போது சிரிக்கி. ஷோரூம்ல ஒருத்தன் போன் அடிச்சா சிரிக்கி. எதுவும் அடிக்காதப்ப, அப்பத்தான் நல்லாக் கேக்கும்.

போன வாரம் நேவிஸ் அத்தைகிட்டருந்து போனு. இத்தன வருசத்துல ஒரு தடவ பேசினதில்ல. "சேர்மா, நல்லாருக்கியா மக்கா? மாமாவுக்கு அடக்கப் பூசை வைக்கேன். கிராசியன் லீவுல வந்திருக்கான். பெட்டியில அவிய கட்டுன சாரத்தையும் போட்ட சட்டையையும் வச்சு அடக்கிருதோம்"ன்னாவ. பெறவு சொல்லுதாவ, "அவென் அழுத பாட்டு ஒங்கிட்ட இருக்காம்லா. வேகம் கூட்டாதது. அதக் கொண்டா."

"அழுத பாட்டா? அத்தை, அது சிரிப்புல்லா"ன்னேன்.

"எனக்கு அழணும் மக்கா. அழுகையே மறந்துபோச்சு. முக்கி முக்கிப் பாக்கேன், வரமாட்டேங்கு. எம் புள்ள எப்படி அழுதான்னு கேட்டா எனக்கும் வரும். நீ கொண்டா."

நான் அழுகை எங்கருந்து கொண்டு போவேன்? எங்கிட்ட இருக்கது சிரிப்பு. கோயில்ல, பெட்டிக்கு முன்னால, சாமியாரு, சொந்தக்காரங்க எல்லாரும் நிக்க எடத்துல அந்தச் சிரிப்பு கேட்டா எப்படி இருக்கும்? அசிங்கமா இருக்காது? அதனால அத்தை நல்லதுக்குத்தான் ஒரு முடிவு பண்ணியிருக்கேன். பாட்ட முழுசா விட்டுட்டு, கடைசிய மட்டும் வெட்டிரலாம்னு. ஒரு நிமிச வேலை. ஊருக்குள்ள நுழையிறதுக்குள்ள முடிச்சுரலாம்.

என்ன கேக்கிய? இல்ல, மெதுவா இருக்கத நான் கேட்டதில்ல. மொதல் வரியோட சரி. எதுக்குக் கேக்கணும்? நேரமில்ல. ஷோரூம்ல பத்து மணிநேரம் நிக்கவன் அண்ணாச்சி நானு.

அதான் ஒங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன். நீங்க வெளியாளு. ஒங்களுக்கு அவனும் தெரியாது, என்னையும் தெரியாது. இந்த ஹெட்போன மாட்டிக் கேட்டுட்டு ஒரு வார்த்த சொல்லுங்க. சிரிப்பா இருந்தா வெட்டிருதேன். சிரிப்பாத்தான் இருக்கும். இல்லைன்னா... இல்லைன்னா என்ன, அது எப்படி இல்லாம இருக்கும்? அவென் வாயாலயே சொல்லியிருக்கான்லா.

இந்தாங்க. ரெண்டு காதுலயும் நல்லா வைங்க. வண்டிச் சத்தத்துல கேக்காது, கூட்டி வைக்கேன். போட்டுட்டேன்.

கேக்குதா? தலையாட்டுங்க போதும். அது அவென் குரலுதான். இன்னும் ஆரம்பிக்கல, மூச்சு எடுப்பான் பாருங்க.

என்ன, வண்டி நிக்கி? கேட் போட்டுட்டானா? ரயிலு வரட்டும் வரட்டும். ஆனா எஞ்சின எதுக்கு அணைக்கான் இந்த டிரைவரு! ஏசி வண்டியா இது, டீசல் மிச்சம் புடிக்க? ச்சே. அந்தப் பிள்ளையும் போன அணைச்சுட்டா. யாராச்சும் பேசுங்களேன். இம்புட்டுப் பேரு இருக்கிய, ஒருத்தர்கூடப் பேச மாட்டியளா?

நீங்க கேளுங்க அண்ணாச்சி, நான் ஒங்களச் சொல்லல. எங்க இருக்கு இப்ப, "அப்பா"ன்னு வருதா? வேகத்துல அந்த வார்த்த இருக்காது, நான்தான் டிரம்ஸப் போட்டு மூடிட்டேன். தாளத்துல இடிச்சுக்கிட்டு நின்னுச்சு அது. முடியப்போவுது. கடைசில சிரிப்பான், பொறுங்க. கெக்கெக்கேன்னு.

ஏன் அண்ணாச்சி மூஞ்சியத் திருப்புதிய? தூசியா? இந்தப் பக்கம் உப்பளக் காத்து, கண்ணுல பட்டா எரியும். ஷட்டர எறக்குங்க. நல்லாத் தொடைங்க. ஏன் கழட்டுதிய? இன்னும் முடியல, இன்னும் இருக்கு.

சொல்லுங்க. சிரிக்கான்லா?

தலையாட்டாதிய, வாயத் தொறந்து சொல்லுங்க. வெட்டவா?

வெட்டக் கூடாதா? ஏன் வெட்டக் கூடாது? எதுக்கு எங் கையப் புடிக்கிய? சரி, சரி, வெட்டல. மூடி வச்சுருதேன். அப்படியே கொண்டு போய் அத்தை கையில குடுத்துருதேன், போதுமா?

அண்ணாச்சி, அந்த ஹெட்போன மடியில வைக்காதிய. இன்னும் ஓடுது. பொத்திப் புடிங்க. எனக்குக் கேக்குது.

டிரைவர் அண்ணாச்சி! ஏ டிரைவர் அண்ணாச்சி! கேட் தொறந்தா என்ன தொறக்காட்டா என்ன, எஞ்சினையாவது போடுங்களேன்!